ஓட்டுகிறவளே குதித்துவிட்டால்

நெதர்லாந்தில் எத்தனையோ வருஷமாகச் சைக்கிள் ஓட்டுகிறேன். மழையில் ஓட்டியிருக்கிறேன், பனிக்கட்டி மேல் ஓட்டியிருக்கிறேன், பிள்ளைகள் சின்னதாக இருந்தபோது முன்னால் ஒன்று பின்னால் ஒன்று, கைப்பிடியில் காய்கறிப் பை என்று எதிர்காற்றில் ஓட்டியிருக்கிறேன். ஒருநாள்கூட விழுந்ததில்லை. அப்பேர்ப்பட்ட நான் ஊருக்கு வந்து, கோவளத்திலிருந்து கேளம்பாக்கம் போகிற ரோட்டில், அதுவும் கேரியரில் சும்மா உட்கார்ந்துகொண்டு போய் விழுந்தேன். இதை அங்கே நான் குடியிருக்கிற உட்ரெக்டில் ஒருத்தரிடமும் சொல்லப்போவதில்லை. தமிழில் எழுதினால் அவர்களுக்குப் புரியாது என்ற தைரியத்தில்தான் இங்கே எழுதுகிறேன்.

வந்தது அண்ணன் மகள் கல்யாணத்துக்கு. செங்கல்பட்டில் கல்யாணம் முடிந்து, கொண்டுவந்த சாக்லெட்டும் சென்ட் பாட்டிலும் பிடுங்கப்பட்டு, “எப்போ வந்தே, எப்போ கெளம்புறே” என்ற கேள்விக்குச் சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் பதில் சொல்லி முடித்த பிறகு, கையில் ஒரு வாரம் மிச்சம் இருந்தது. அந்த வாரத்தை உட்ரெக்டில் இருக்கும்போதே ஜெசிக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தேன். அண்ணிக்குக் கொஞ்சம் வருத்தம்தான். இருக்கட்டும்.

ஜெசிந்தாவும் நானும் செங்கல்பட்டில் ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு, ஒரே சைக்கிள். சைக்கிள் என்னுடையது. அப்பா யாரிடமோ பழசாக வாங்கிக் கொடுத்தது. தெருமுனை அடிபம்பு அருகே ஜெசி நின்றிருப்பாள். நான் வேகத்தைக் குறைப்பேன், நிறுத்த மாட்டேன். அவள் ரெண்டு எட்டு ஓடிவந்து, தாவி, கேரியரில் உட்கார்ந்து, என் பையையும் வாங்கித் தன் மடியில் வைத்துக்கொள்வாள். மிதிப்பது நான். மற்ற எல்லாமே அவள்.

மற்ற எல்லாமே என்றால், முக்கியமாக பிரேக். அந்தச் சைக்கிளில் பிரேக் என்று ஒன்று பேருக்குத்தான் இருந்தது. அழுத்தினால் ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். அதனால் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. தலையைக் குனிந்து மிதிக்கிற எனக்கு முன்னால் என்ன வருகிறது என்று தெரியாது. பக்கவாட்டில் எட்டிப் பார்த்துக்கொண்டே வருகிற ஜெசிக்குத் தெரியும். லாரியோ மாடோ கணக்கு வாத்தியாரோ எதிரே வந்தால் என் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே குதிப்பாள். குதித்த கையோடு கேரியரைப் பிடித்து இழுப்பாள். சைக்கிள் நின்றுவிடும். பள்ளிக்கூடம் முடியும்வரை இப்படித்தான் ஓட்டினோம். ஒருமுறையும் விழவில்லை. இதைப் போய் எந்த நாட்டில் சொன்னாலும் நம்ப மாட்டார்கள்.

பன்னிரண்டாவது பரீட்சை முடிந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சொல்லாமல் ரெண்டு பேரும் திருக்கழுக்குன்றம் வழியாக மகாபலிபுரம் வரை போனோம். ஒருத்தி மிதித்து, ஒருத்தி பாடி. கடலைப் பார்த்தோம், மிளகாய்த்தூள் போட்ட மாங்காய் தின்றோம், இருட்டுவதற்குள் திரும்பி வந்து ரெண்டு வீட்டிலும் உதை வாங்கினோம். என் வாழ்க்கையில் அதற்கு ஈடான ஒரு நாளைச் சொல்லச் சொன்னால் யோசிக்க வேண்டியிருக்கும். உட்ரெக்டில் வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்பும்போது, சில சாயங்காலம், கேரியரில் கனம் இல்லாதது எனக்குத் தெரியும். திரும்பிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. இதையெல்லாம் யாரிடம் சொல்வது? என் வீட்டுக்காரரிடம் சொன்னால் கனத்துக்கு அரிசி மூட்டை வாங்கி வைக்கச் சொல்வார்.

ஆகவே என் திட்டம் ஒன்றே ஒன்று. ஜெசியோடு மறுபடி மகாபலிபுரம் போக வேண்டும். டபுள்ஸில். கோவளத்திலிருந்து போனால் தூரமும் குறைவு. வாட்ஸப்பில் இதை அவளுக்கு அனுப்பினேன். “வாடி. எனக்கும் உன்னாண்ட ஒரு வேல கீது” என்று பதில் வந்தது.

கல்யாணமாகி வந்ததிலிருந்து ஜெசிக்குக் கோவளம்தான் ஊர். மாதா கோயில் பக்கத்துச் சந்தில் வீடு. வீட்டுக்காரர் அருளுக்கு மறைமலைநகரில் கார் பாகம் செய்கிற கம்பெனியில் வேலை. ஒரு வாரம் பகல் ஷிப்டு, ஒரு வாரம் ராத்திரி ஷிப்டு. கம்பெனி பஸ் இ.சி.ஆர். மெயின் ரோட்டு முனைக்கு வந்து ஏற்றிக்கொண்டு போகும். பேச்சு ரொம்பக் குறைவு அவருக்கு. ஜெசியைக் கட்டிக்கொண்டவருக்குப் பேச இடம் எங்கே கிடைக்கும்?

பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, ஆரம்பித்துவிட்டாள். “கேளம்பாக்கத்துல ஒரு லேடீஸ் ஆஸ்டல் கீதுடி. அல்லாம் ஐ.டி. பொண்ணுங்க. சமையலுக்கு என்னக் கேட்டுகீறாங்க. எடுபிடிக்கி இல்ல சாந்தி, ஹெட்டு! ரெண்டு பொம்பளைங்க என் கீய வேல செய்வாங்க. கிச்சன் சாவி என் கையில.”

சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இத்தனை வருஷமும் கல்யாண மண்டபச் சமையல் கோஷ்டியில் யாரோ சொன்னதை வெட்டி, யாரோ சொன்னதைக் கிண்டி, யாரோ திட்டினதை வாங்கிக்கொண்டவள். இப்போது முதல்முறையாக அவள் கையால் உப்புப் போடலாம், அவள் நாக்குக்குச் சரி என்று இறக்கலாம். திங்கட்கிழமை சேர வேண்டும்.

“அப்புறம் இன்னாடி, ஷோக்காப் போயேன்” என்றேன். ஊர் மண்ணை மிதித்ததும் என் வாயும் திரும்பிவிட்டிருந்தது.

சிக்கல் அங்கேதான். ஐ.டி. பெண்களை ஏற்றிக்கொண்டு போகிற வண்டிகள் விடிந்ததும் வந்து நின்றுவிடும். அதற்குள் இட்லியும் பொங்கலும் மேசையில் இருக்க வேண்டும். அப்படியென்றால் இவள் இருட்டோடு அடுப்பு மூட்ட வேண்டும். அந்த நேரத்துக்குப் பஸ்ஸும் கிடையாது, ஷேர் ஆட்டோவும் கிடையாது. ஆட்டோ பேசி வைத்தால் ஒருநாள் வருவான், ஒருநாள் தூங்கிவிடுவான். பைக் ஒரகடத்தில் வேலை செய்கிற மகனிடம். மிச்சம் இருப்பது சைக்கிள். மகள் படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் கொடுத்த சைக்கிள் வீட்டுக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்தது. அருள் அதை எண்ணெய் போட்டு, டியூப் மாற்றி, ஓடுகிற நிலைக்குக் கொண்டுவந்திருந்தார்.

ஆனால் ஜெசிக்குத்தான் சைக்கிள் ஓட்டத் தெரியாதே! ஏழு வருஷம் நான் மிதித்தேன், அவள் உட்கார்ந்தாள். ஓட்டிப் பார்க்கிறாயா என்று நானும் கேட்டதில்லை, கொடு என்று அவளும் கேட்டதில்லை. இப்போது ஒரு மாதமாகச் சந்தில் பழகிக்கொண்டிருக்கிறாள். அருள் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடுகிறார். சந்தில் போய்விடுகிறாள். ரோட்டு முனை வந்தால் இறங்கிவிடுகிறாள்.

“ரோட்டுல நீ பளக்கி வுடு. உனக்குத்தான் அங்க அதே வேலையாமே” என்றாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. இதைவிட ஒரு பொருத்தமான ஆள் இந்த உலகத்தில் உண்டா? “நாளைக்கே எறங்குறோம். நீ ஓட்டு, நான் பின்னாடி குந்திகினு சொல்லித் தர்றேன்” என்றேன். பழகுகிறவள் சைக்கிளில் பின்னால் ஏறி உட்காரலாமா என்று அருள் மெல்லக் கேட்டார். என் கால் தரை வரை எட்டும், எனக்கு எல்லாம் தெரியும் என்று அவர் வாயை அடைத்தேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கேளம்பாக்கம் ரோட்டில் இறங்கினோம். ரெண்டு பக்கமும் உப்பளம், நேரான ரோடு, கடல் காற்று முதுகில் தள்ளுகிறது. முதலில் தள்ளாடினாள். நான் காலை ஊன்றி ஊன்றிக் கொடுத்தேன். பிறகு நன்றாகவே பிடித்துக்கொண்டாள். எனக்கோ ஒரே குஷி. வாய் ஓயவில்லை. “லெப்டுல போ, பெல்லு அடி, முன்னாடி பாரு, தோள எறக்கு, அப்படித்தான், அப்படித்தான்.” பதினாறு வயசு திரும்பி வந்ததுபோல இருந்தது. இந்த வேகத்தில் மகாபலிபுரம் என்ன, பாண்டிச்சேரியே போகலாம் என்று நினைத்தேன்.

அப்போதுதான் உப்பளத்து மேட்டிலிருந்து ஓர் எருமை ரோட்டில் ஏறியது. ரொம்பத் தூரத்தில்தான். பிரேக் பிடிக்க ஏகப்பட்ட நேரம் இருந்தது. ஜெசி பார்த்தாள். “சாந்தீ, எரும!” என்று கத்தினாள். கத்திக்கொண்டே குதித்துவிட்டாள்.

ஓட்டுகிறவளே குதித்துவிட்டாள்! லேடீஸ் சைக்கிள், குறுக்குக் கம்பி இல்லை, சௌகரியமாகக் குதித்தாள். குதித்தவள் பழைய வழக்கப்படி கேரியரைப் பிடித்து இழுக்கப் பார்த்திருக்கிறாள். கையில் சிக்கியது என் புடவைத் தலைப்பு. முன்னால் சீட்டு காலியாக இருக்க, நான் மட்டும் கேரியரில் உட்கார்ந்தபடி கொஞ்ச தூரம் போனேன். எட்டிக் கைப்பிடியைப் பிடிக்கப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. அதற்குள் ரோடு முடிந்து சரளை வந்துவிட்டது.

எருமை எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது பாட்டுக்கு ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போனது.

எனக்கு இடது மணிக்கட்டு வீங்கிவிட்டது. முழங்காலும் முகவாயும் சிராய்ப்பு. ஜெசிக்கு முழங்கையில் தோல் போய், கால் கட்டைவிரல் நகம் பெயர்ந்துவிட்டது. வழியில் வந்த ஷேர் ஆட்டோக்காரர் எங்களையும் சைக்கிளையும் தூக்கிப் போட்டுக்கொண்டார். போகிற வழியெல்லாம் கண்ணாடியில் எங்களையே பார்த்துக்கொண்டு வந்தவருக்குத் தாங்கவில்லை. “ரெண்டு பேரும் ஒரே சைக்கிள்லர்ந்தா வுழுந்தீங்க? யாருக்கா ஓட்டினது?”

நான் ஜெசியைப் பார்த்தேன். ஜெசி வெளியே பார்த்தாள். “அந்நேரத்துக்கு யாருமே ஓட்டலப்பா” என்றாள்.

உட்ரெக்டில் கை உடைந்து தொங்கினாலொழிய டாக்டரைப் பார்க்க முடியாது. பாராசிட்டமால் போட்டுக்கொள், ஒரு வாரத்தில் சரியாகாவிட்டால் போன் செய் என்பார்கள். கேளம்பாக்கத்தில் ஆட்டோவை விட்டு இறங்கிக் கொஞ்ச நேரத்துக்குள் எக்ஸ்ரே எடுத்து, எலும்புக்கு ஒன்றும் இல்லை, சுளுக்குத்தான் என்று சொல்லி, இழுபடுகிற பட்டைத் துணியைச் சுற்றி, டி.டி. ஊசியும் போட்டு அனுப்பிவிட்டார்கள். எனக்கு அதுவே போதும். ஜெசிக்குப் போதவில்லை. “ரப்பர் துணி சுத்தி அனுப்புறதெல்லாம் ஒரு வைத்தியமா?” என்று மறுநாள் காலையில் முட்டைக் கட்டுப் போடுகிறவரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

முட்டை வெள்ளையும் ஏதோ மாவும் குழைத்துத் துணியில் தடவி, மணிக்கட்டைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். காய்ந்ததும் மரக்கட்டையாகிவிட்டது. வலி குறைந்தது என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அந்த நாற்றம்! கோவளத்துப் பூனைகளுக்கு ஏற்கெனவே மீன் பழக்கம். கட்டைப் போட்டுக்கொண்டு சந்தில் நுழைந்ததும் ஒன்று பின்தொடர்ந்தது. வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒரு கூட்டமே வந்துகொண்டிருந்தது.

அதைவிடக் கொடுமை சாப்பாடு. கத்திரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு சாப்பிடத்தான் நான் பாதி உலகத்தைத் தாண்டி வந்தேன். புண் ஆறும்வரை கருவாடு ஆகாதாம், சீழ் பிடிக்குமாம். கத்திரிக்காய் ஆகாதாம், அரிக்குமாம். நண்டைப் பேச்சுக்குக்கூட எடுக்கக் கூடாதாம். எனக்கு ரசஞ்சோறும் ஆட்டுக்கால் சூப்பும். நெத்திலிக் கருவாட்டை வறுத்து அருளுக்குப் போட்டாள். அந்த வாசனையில் நான் ரசஞ்சோறு சாப்பிட்டேன். “நீயும்தானே வுழுந்த, நீ மட்டும் எப்படித் துன்ற?” என்று கேட்டேன். “எனுக்கு நகம்தானே, அதுக்கு ஆகும்” என்றாள். அவளே டாக்டர், அவளே சட்டம்.

பிறகு விசாரிக்க வருகிறவர்கள் வந்தார்கள். உட்ரெக்டில் உடம்பு சரியில்லை என்றால் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரு வாழ்த்து அட்டை போட்டுவிட்டு ஒதுங்கிவிடுவார்கள். தொந்தரவு செய்யக் கூடாதாம். இங்கே ரொட்டியும் ஹார்லிக்ஸும் சாத்துக்குடியுமாக வரிசைகட்டி வந்தார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது, கண்ணில் தண்ணீர்கூட வந்தது. ஒவ்வொருவரும் கூடவே ஒரு சாவையும் கொண்டுவந்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

முதலில் ரெண்டு வீடு தள்ளி இருக்கிற பாத்திமா அக்கா. “எங்க நாத்தனார் வூட்டுக்காரரும் இப்டித்தான் சைக்கிள்லர்ந்து வுழுந்தாரு. ஒண்ணியுமில்ல, எய்ந்து டீ குடிச்சாரு. மூணாம் நாளு மவுத்து.” சாத்துக்குடியை என் மடியில் வைத்துக்கொண்டே சொன்னார். அடுத்து வந்தவருக்கு ஒரு மைத்துனர். அதற்கடுத்து வந்தவருக்கு ஒரு பால்காரர், இருட்டில் வந்த லாரி. எல்லாரும் என்னைத்தான் பார்க்க வந்தார்கள், எல்லாரும் என்னிடம்தான் சொன்னார்கள். ஆனால் அடுப்பங்கரை வாசலில் டம்ளரோடு நின்று அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தது ஜெசி.

வியாழக்கிழமை காலை அவள் சைக்கிளைத் துடைத்து மறுபடி வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சாய்த்து வைத்தாள். மேலே ஒரு கோணியைப் போட்டாள்.

“இன்னாடி பண்ற?”

“வோணாம்டி. ஆஸ்டல் அம்மாவுக்குப் போன் பண்ணி வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிடுறேன். நாப்பத்தஞ்சு வயசுக்கு மேல எனுக்கு இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு? மண்டபத்துலயே வெங்காயம் உரிச்சிகினு கெடக்குறேன்.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பெயர்தான் சாந்தி. “ஒரு எரும ரோட்டத் தாண்டினதுக்கு வேலைய வுடுவியா? எங்க ஊர்ல எண்பது வயசுக் கெய்விங்கல்லாம் ஜம்முனு ஓட்டிகினு போவுது!”

“அந்தக் கெய்வியக் கூட்டியாந்து ஆஸ்டல்ல இட்லி அவிக்கச் சொல்லு” என்றாள் ஜெசி.

விடுவேனா? ஒற்றைக் கையாலேயே கோணியை இழுத்துப் போட்டு, சைக்கிளைச் சந்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன். “ஏறு. நான் பின்னாடி இருக்கேன்” என்றேன். எனக்காகத்தான் ஏறினாள். நான் கேரியரில் உட்கார்ந்ததும் அவள் முதுகு விறைத்துப்போனதைப் பார்த்தேன். ரெண்டு மிதி மிதித்தாள். “நேராப் பாரு” என்றேன். உடனே காலை ஊன்றி இறங்கிவிட்டாள். முகமெல்லாம் வேர்வை. “என்ன வுட்டுடு சாந்தி” என்று வீட்டுக்குள் போனாள்.

அன்றைக்கு முழுக்க நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. அந்தம்மாவுக்கு அவள் இன்னும் போன் பண்ணவில்லை என்பது மட்டும்தான் எனக்கு ஆறுதல்.

வெள்ளிக்கிழமை அருள்தான் சொன்னார், இப்படி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்காருவதற்கு ரெண்டு பேரும் பஸ்ஸில் மகாபலிபுரம் போய்விட்டு வாருங்கள் என்று. அவர் பேசியதில் அதுதான் நீளமான வாக்கியம். போனோம்.

பஸ் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்த்தான் நின்றது. நான் முழங்காலோடும் அவள் கட்டைவிரலோடும் நொண்டி நொண்டி ஓடினோம். கண்டக்டர் படியில் நின்று, “ஓடாதம்மா, உங்க ரெண்டு பேரையும் வுட்டுட்டுப் போனா எனுக்குப் பாவம்” என்றார். ஏறினதும் எழுந்து இடம் கொடுத்தார்கள். கொடுத்துவிட்டு விசாரணை. பஸ்ஸில் பாதிப் பேர் முட்டைக் கட்டு நல்லது என்றார்கள், பாதிப் பேர் மாவுக்கட்டுத்தான் நல்லது என்றார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. ஊருக்குள் பஸ் போகாது என்று பைபாஸில் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து ஷேர் ஆட்டோ.

பரீட்சை முடிந்து வந்த அன்றைக்கு நாங்கள் உட்கார்ந்திருந்த இடம் எது என்று தேடினோம். கோயிலைச் சுற்றி வேலி, புல்வெளி, டிக்கெட். நாங்கள் சைக்கிளைச் சாய்த்து வைத்த சவுக்கு மரங்கள் எந்தப் பக்கம் இருந்தன என்பதிலேயே எங்களுக்குள் சண்டை வந்தது. சண்டை வந்ததில் பேச்சும் வந்துவிட்டது. கடற்கரையில் உட்கார்ந்து மாங்காய் வாங்கினோம். “புளிப்பு ஆகாது உனுக்கு” என்று என் பங்கையும் அவளே தின்றாள். அலை அதேதான், காற்றும் அதேதான். திரும்பிப் போகிறபோது யார் மிதிப்பது என்ற கவலையே இல்லாமல் அன்றைக்கு உட்கார்ந்திருந்தேன். ஏனென்றால் நான்தான் மிதிப்பேன், அவள்தான் பின்னால் இருப்பாள். அது அப்படியே நடந்துகொண்டிருக்கும் என்று நினைத்திருந்தேன்.

வாடகைச் சைக்கிளில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி எங்கள் அருகில் வந்து நின்றார்கள். வயதானவர்கள். பேசுவது நம்ம ஊர் பாஷை. நம்ம ஊர் என்றால் நெதர்லாந்து. பாருங்கள், இந்தக் கடல் பக்கம் உட்கார்ந்தால் அதுதான் எனக்கு நம்ம ஊராகத் தெரிகிறது, அங்கே போனால் இது. இருக்கட்டும். அந்த ஆள் மனைவிக்குப் புத்திமதி சொல்லிக்கொண்டிருந்தார். “இடது பக்கமாகப் போ. அந்த மாட்டைப் பார். பஸ் வருகிறது பார். இந்த ஊரில் ஓட்டினால் சாவுதான்.” அந்த அம்மாள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். கடைசியில் அவர் பக்கம் திரும்பி, ஒன்று சொல்லிவிட்டு, அவரை விட்டுவிட்டுத் தனியாகவே ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

“இன்னாடி சொல்லுது?” என்றாள் ஜெசி.

“பின்னாடி வர்றதா இருந்தா வா, வராட்டிப் போ, பேசிகினு மட்டும் வராதன்னு சொல்லுது.”

ஜெசி சிரித்தாள். புரையேறுகிற அளவுக்குச் சிரித்தாள். பிறகு கையிலிருந்த மாங்காயைக் காகிதத்தில் மடித்து வைத்தாள். “சாந்தி, ஒண்ணு சொன்னாக் கோச்சிக்க மாட்டியே?”

“சொல்லு.”

“அன்னிக்கி ரோட்டுல நான் ஏன் குதிச்சேன்னு யோசிச்சிகினே கீறேன். பயத்துல இல்லடி. நீ பேசிகினே வந்தியா, உன் கொரலு கேட்டுகினே இருந்திச்சா, நான் ஓட்டுறேன்றதே எனுக்கு மறந்துபோச்சி. நீ ஓட்டுற, நான் குந்திகினு கீறேன்னே தோணிச்சி. எரும வந்திச்சி, என் வேலைய நான் பாத்தேன்.”

நான் முட்டைக் கட்டின் ஓரத்தைச் சுரண்டினேன். அவள் மேலே சொன்னாள்.

“அருளு புடிச்சிகினு ஓடியாந்தாலும் அப்டித்தான். பின்னாடி ஆள் கீதுன்னா எனுக்கு ஓட்டுறது நான் இல்ல. நீ பின்னாடி குந்தாத சாந்தி. கூடவும் வராத.”

“அப்போ டபுள்ஸு?” என்று கேட்டேன். கேட்கும்போதே குழந்தைத்தனமாக இருந்தது, ஆனாலும் கேட்டேன்.

“அது முடிஞ்சிபோச்சிடி” என்றாள். ரொம்ப மெதுவாகத்தான் சொன்னாள். என் கட்டுப்போட்ட கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டுதான் சொன்னாள்.

எனக்குச் சுருக்கென்றது. அவள் சொல்வது நியாயம் என்று புத்திக்குத் தெரிந்தது. மனசுக்குத் தெரியவில்லை. திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தேன். எத்தனை மைல் தாண்டி எதற்காக வந்தேன் நான்? கேரியரில்கூட எனக்கு இடமில்லையா? வீடு வந்து இறங்கும்போது, இருட்டில் அடுப்பு மூட்டப் போகிறவள் அவள், ஊருக்குப் பறந்துவிடுகிறவள் நான் என்று எனக்கே உறைத்தது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

சனிக்கிழமை அவள் சைக்கிளை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினாள். வாசல்படியைத் தாண்டி வரக் கூடாது என்று எனக்குக் கட்டளை. நான் பூனைகளோடு உள்ளே உட்கார்ந்திருந்தேன். அருள் மட்டும் பீடி வாங்கப் போகிற சாக்கில் ரோட்டு முனை வரை போய், அவள் கண்ணில் படாமல் பார்த்துவிட்டு வந்தார்.

“என்னண்ணா?” என்றேன்.

“ஒரு தபா வுழுந்தாம்மா.”

“அய்யய்யோ! அப்புறம்?”

“எய்ந்துகினா.”

சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். மேற்கொண்டு ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு ஜெசி கேளம்பாக்கம் வரையே போய்வந்தாள். உப்பளத்துக் காற்றில் முடியெல்லாம் பறக்க, வியர்த்து வழிந்துகொண்டு வந்து நின்றாள். நேராக அடுப்பங்கரைக்குப் போய் எனக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள், கத்திரிக்காய் போட்டு. சீழ் பிடிக்காதா என்றேன். “பிடிச்சா உங்க ஊர் டாக்டரு பாத்துக்குவாரு” என்றாள்.

திங்கட்கிழமை நானும் கிளம்ப வேண்டிய நாள். காலை பஸ்ஸில் செங்கல்பட்டு போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு விமானத்துக்கு. ஜெசி எழுந்த சத்தம் கேட்டு நானும் எழுந்தேன். வெளியே இன்னும் விடியவில்லை. தெருவிளக்கு வெளிச்சத்தில் சைக்கிள் நின்றிருந்தது. மகளுடைய சுடிதாரைப் போட்டுக்கொண்டு, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஜெசி வந்தாள். பின்னால் சைக்கிள் என்னவோ மொட்டையாகத் தெரிந்தது. என்ன என்று பிடிபடக் கொஞ்சம் நேரமாயிற்று.

“கேரியர் எங்கடி?”

“கய்ட்டிட்டேன். நேத்து அவராண்ட சொன்னேன், ஸ்பானர் போட்டு எடுத்துட்டாரு.”

“இன்னாத்துக்கு?”

“இருந்தா நீ ஏறிக்குவ” என்று சிரித்தாள். பிறகு சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து இறக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள். “நீ ஊருக்குப் போயிட்டாலும் அது அங்க இருந்தா, பின்னாடி நீ குந்திகினு கீற மாரியே இருக்கும்டி. திரும்பித் திரும்பிப் பாப்பேன். ரோட்டுல அது ஆவாது.”

என் கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஏறினாள். போனாள். சந்து வளைவு வரை கொஞ்சம் தள்ளாடிப் பிறகு நேரானாள். நான் வாசலைத் தாண்டிச் சந்து முனை வரை நொண்டிக்கொண்டே போனேன். கட்டளையை மீறித்தான். மீறாமல் எப்படி இருக்க முடியும்?

இ.சி.ஆர். பக்கமிருந்து ஒரு பால் வண்டி விளக்கைப் போட்டுக்கொண்டு வேகமாக வந்தது. ஜெசி அதை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தாள். “ஜெசீ!” என்று எனக்கு வாய் வரை வந்துவிட்டது. நல்ல கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். இறுக்கிப் பொத்திக்கொண்டேன்.

அவள் பிரேக் பிடித்தாள். சைக்கிள் நின்றது. ஒரு காலை ஊன்றிக்கொண்டு, வண்டி போகட்டும் என்று காத்திருந்தாள். போனதும் இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள், பின்னால் மட்டும் பார்க்கவில்லை. ரோட்டைத் தாண்டிக் கேளம்பாக்கம் பக்கம் போய்விட்டாள்.

விளக்கு வெளிச்சத்தைத் தாண்டி அவள் கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகுதான் வாயிலிருந்து கையை எடுத்தேன். எடுத்ததும் அழுகை வந்தது. சந்தோஷம்தான், சத்தியமாகச் சந்தோஷம்தான். ஆனால் அழுதது முழுக்கச் சந்தோஷத்தில் என்று சொன்னால் அது பொய்.